கீரியாத்செப்பேர்: ஒரு கானானியப் பட்டணமும் நமது பிரசங்கமும்

முன்னுரை

பழைய ஏற்பாட்டில் வரும் ஊர்ப்பெயர்களுள் பல, திருச்சபை வழிபாட்டில் விரைவாக வாசிக்கப்பட்டுக் கடந்து செல்லப்படுபவை. எருசலேம், எரிகோ, பெத்தேல் போன்றவை சபையாரின் செவிக்குப் பழகியவை. தெபீர் என்னும் பட்டணமோ, வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் பட்டியலில் வரும் மற்றுமொரு பெயராகவே நின்றுவிடுகிறது. எனினும் ஒரு தலைமுறைக் காலம் இப்பட்டணம், யோசுவாவின் நூல் கூறும் கானான் வெற்றிக்குப் புதைபொருள் ஆராய்ச்சி தந்த தலைசிறந்த சான்றுகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டப்பட்டு வந்தது. பழைய வேதாகம அகராதிகளிலும் விளக்கவுரைகளிலும் அச்சான்று இன்றும் காணப்படுகிறது. அவற்றைக் கையாளும் ஆயர்கள் அதைப் பிரசங்கத்தில் எடுத்துரைப்பதும் இயல்பே.

ஆனால் அகழ்ந்து பார்த்த இடம் தெபீர் அன்று என்பதே இன்று பெரும்பான்மை ஆய்வாளரின் கருத்து. அவ்வாறாயின் அச்சான்று என்னவாயிற்று? அதனைக் கொண்டு நாம் செய்த பிரசங்கம் என்னவாயிற்று? இவ்வினாக்களுக்கு விடை காண, இப்பட்டணத்தைப் பற்றித் திருமறை கூறுவதையும், அதன் பெயரையும், அதன் இடத்தைக் குறித்து எழுந்த வாதத்தையும் முறையே நோக்குவோம்.

1. திருமறையில் தெபீர்

தெபீர் என்ற பெயர் எபிரெயத் திருமறையில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளில் வருவதால், முதலில் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். யோசுவாவை எதிர்த்துக் கூடிய ஐந்து அரசருள் எக்லோனின் அரசனுக்குத் தெபீர் என்பது பெயர் (யோசு. 10:3). யூதாவின் வடவெல்லையில் ஆகோர் பள்ளத்தாக்கின் அருகே ஒரு தெபீர் உண்டு (யோசு. 15:7). யோர்தானுக்குக் கிழக்கே காத் கோத்திரத்தின் எல்லையிலும் அப்பெயர் காணப்படுகிறது (யோசு. 13:26). மேலும், சாலொமோன் கட்டிய ஆலயத்தின் உள்ளறையைக் குறிக்கும் எபிரெயச் சொல்லும் 'தெபீர்' என்பதே. நாம் இங்கு ஆராய்வது இவற்றுள் எதையும் அன்று. எபிரோனுக்குத் தெற்கே இருந்த கானானியப் பட்டணத்தையே.

இப்பட்டணத்திற்குத் திருமறை மூன்று பெயர்களைத் தருகிறது. தெபீர் என்பது ஒன்று. அதன் முந்தைய பெயர் கீரியாத்செப்பேர் என்று யோசு. 15:15உம் நியா. 1:11உம் கூறுகின்றன. யோசு. 15:49 அதனைக் கீரியாத்சன்னா என்கிறது.

பட்டணம் பிடிக்கப்பட்ட வரலாறும் ஒரே வகையாகச் சொல்லப்படவில்லை. யோசுவாவும் இஸ்ரவேலர் யாவரும் எபிரோனிலிருந்து திரும்பித் தெபீரைப் பிடித்து அதன் அரசனையும் குடிகளையும் அழித்ததாக யோசு. 10:38-39 கூறுகிறது. எபிரோன், தெபீர், ஆனாப் ஆகிய ஊர்களிலிருந்து ஏனாக்கியரை யோசுவா அகற்றியதாக யோசு. 11:21 சொல்கிறது. ஆனால் யோசு. 15:15-19இன்படி, அப்பட்டணத்தைப் பிடிப்பவனுக்குத் தன் மகள் அக்சாளை மணமுடித்துத் தருவதாகக் காலேப் அறிவிக்க, கேனாசின் மகன் ஒத்னியேல் அதனைப் பிடித்து அவளை மணக்கிறான். இதே நிகழ்ச்சி நியா. 1:11-15இல் ஏறக்குறைய அதே சொற்களில் மீண்டும் வருகிறது. அங்கு அது யோசுவாவின் மரணத்திற்குப் பின் நிகழ்ந்தவற்றின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. பின்னர் இப்பட்டணம் ஆரோனின் வழிவந்த ஆசாரியருக்குரிய ஊர்களுள் ஒன்றாகிறது (யோசு. 21:15, 1 நாளா. 6:58).

ஒரே பட்டணத்தை யோசுவா பிடித்தாரா, ஒத்னியேல் பிடித்தானா என்ற வினாவைச் சபையாரிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. யோசுவா 10ஆம் அதிகாரம், தென்னாட்டு வெற்றி முழுவதையும் ஒரு தலைவனின் பெயரில் தொகுத்துரைக்கும் நடையில் அமைந்தது. 15ஆம் அதிகாரமோ, காலேபின் குடியினர் தங்கள் நிலத்தைப் பற்றியும் தங்கள் முன்னோரைப் பற்றியும் போற்றிக் காத்த மரபுரையை நமக்குத் தருகிறது. முன்னது நாட்டின் வரலாறு. பின்னது ஒரு குடும்பத்தின் வரலாறு. இரண்டையும் அருகருகே வைத்துக் காத்த திருமறைத் தொகுப்பாசிரியர்கள், ஒன்றிற்காக மற்றொன்றை அழித்துவிடவில்லை என்பது நோக்கத்தக்கது.

2. பெயரின் பொருள்

'கீரியாத்' என்பது ஊர் அல்லது பட்டணம் எனப் பொருள்படும் 'கிரியா' என்ற சொல்லின் இணைப்பு வடிவம். கீரியாத்யெயாரீம், கீரியாத்அர்பா ஆகிய பெயர்களிலும் இதனைக் காணலாம். 'செப்பேர்' என்பது எழுதப்பட்ட ஏடு, சுருள், ஆவணம், கடிதம் ஆகிய அனைத்திற்கும் பொதுவான எபிரெயச் சொல். ஆகவே, உள்ளவாறே நோக்கின் இப்பெயர் 'ஏட்டூர்' என்னும் பொருளைத் தருகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்து இதனை 'எழுத்துக்களின் பட்டணம்' என்று மொழிபெயர்த்தது. கீரியாத்சன்னா என்று எபிரெயப் பாடம் கூறும் யோசு. 15:49இலும் அது அதே சொற்களையே பயன்படுத்துகிறது. இலத்தீன் வுல்காத்தாவும் அப்பொருளையே விளக்கமாகச் சேர்க்கிறது.

எபிரெய எழுத்தில் உயிர்க்குறிகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. அதே மெய்யெழுத்துக்களைச் 'சோப்பேர்' என்று வாசித்தால், எழுத்தன் அல்லது கணக்கன் என்ற பொருள் கிடைக்கிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் அனஸ்தாசி பாப்பிரஸ் என்ற எகிப்திய ஏட்டில், கானான் நாட்டு ஊர்களை அறியாத மற்றோர் எழுத்தனை ஓர் எகிப்திய எழுத்தன் எள்ளி நகையாடுகிறான். அவன் அடுக்கும் ஊர்ப்பெயர்களுள், 'எழுத்தனின் வீடு' எனப் பொருள்படத்தக்க ஓர் ஊர், ஆனாபை நினைவூட்டும் மற்றோர் ஊருடன் இணைந்து வருகிறது. இது நமது பட்டணத்தையே குறிக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதினர்.

இப்பெயரைக் கொண்டு, கானானியர் இங்கே பெரியதொரு நூலகமோ பல்கலைக்கழகமோ நடத்தினர் என்று சில பிரசங்கங்களில் கூறப்படுவதுண்டு. இதற்குச் சான்று இல்லை. தெபீர் எனக் கருதப்பட்ட இரண்டு மண்மேடுகளிலும் ஏட்டுத் தொகுதி எதுவும் வெளிப்படவில்லை. வரியும் எல்லையும் பதிவு செய்யும் ஓர் எழுத்தன் அமர்ந்திருந்த ஊரே இப்பெயரைப் பெறப் போதுமானது. நமது நாட்டிலும் 'கணக்கன்பட்டி' என்ற பெயருடைய ஊரில் நாம் கல்லூரியைத் தேடுவதில்லை அன்றோ?

3. ஆல்பிரைட்டின் அகழாய்வு

இப்பட்டணம் எங்கே இருந்தது? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வினாவிற்கு விடை கூறியவர் வில்லியம் ஃபாக்ஸ்வெல் ஆல்பிரைட் என்ற அமெரிக்கப் பேரறிஞர். எபிரோனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், மலைநாடு தாழ்நிலத்தைச் சந்திக்கும் பகுதியில் தெல் பெய்த் மிர்சிம் என்ற மண்மேடு உள்ளது. அதுவே தெபீர் என்று அவர் முடிவு செய்தார். ஸீனியா இறையியல் கல்லூரியைச் சேர்ந்த மெல்வின் குரோவ் கைல் அவருடன் இணைந்தார். 1926, 1928, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் நான்கு பருவங்களில் அகழாய்வு நடைபெற்றது.

அந்த அகழாய்வின் பயன் பெரிது. மேட்டின் படிவங்களை மேலிருந்து கீழாக எழுத்துக்களால் பெயரிட்டுப் பத்துப் படிவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கிடைத்த மட்பாண்ட ஓடுகளின் வடிவத்தை ஆல்பிரைட் நுணுக்கமாக வரிசைப்படுத்தினார். பாலஸ்தீனத்தில் ஓர் ஓட்டைக் கண்டு அதன் காலத்தைக் கணிக்கும் முறை இவ்வாய்வினாலேயே உறுதியான அடித்தளம் பெற்றது. பல திருத்தங்களுக்குப் பின்னும் அவ்வரிசையின் அடிப்படை நிலைத்து நிற்கிறது.

அப்படிவங்களுள் பின்வெண்கலக் காலத்திற்குரிய கானானியப் பட்டணம், கி.மு. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீக்கிரையாகியிருந்தது. அதன்மேல் எளிமையானதொரு குடியிருப்பு எழுந்திருந்தது. எரிந்த பட்டணம் கானானியருடையது, எளிய குடியிருப்பு இஸ்ரவேலருடையது, எரித்தவர் யோசுவாவின் காலத்தவர் என்று ஆல்பிரைட் விளக்கினார். யோசுவா நூலின் வரலாற்று மதிப்பை அடியோடு மறுத்த ஆய்வாளர்களுக்கு இது தக்க மறுமொழி என்று பலரும் கருதினர். 1934இல் வெளிவந்த கைலின் நூல், தன் தலைப்பிலேயே இம்மேட்டைக் கீரியாத்செப்பேர் என்று அழைத்தது. வாசகரின் மனத்தில் இடத்தின் பெயர் ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகிவிட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மேட்டில் அதன் பழம்பெயரைத் தாங்கிய கல்வெட்டோ முத்திரையோ எதுவும் கிடைக்கவில்லை. கிப்யோன் இருந்த இடமாகிய எல்-ஜிப்பில் ஊர்ப்பெயர் பொறித்த சாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. அத்தகைய சான்று இங்கில்லை. தெல் பெய்த் மிர்சிம் தெபீர் என்பது தக்க காரணங்களுடன் கூறப்பட்ட ஊகம். எரிந்த படிவமோ கண்ணால் கண்ட உண்மை. இரண்டும் ஒன்றாய்ப் பேசப்பட்டதால், உண்மைக்குரிய உறுதி ஊகத்திற்கும் ஏறிவிட்டது.

4. கிர்பெத் ரபூத்

இவ்வூகத்திற்கு எதிரான வலிமையான சான்று மண்ணுக்கு அடியில் இருக்கவில்லை. திருமறையின் பக்கத்திலேயே இருந்தது. யோசுவா 15ஆம் அதிகாரத்தின் ஊர்ப்பட்டியல் யூதாவின் நிலத்தை நான்காகப் பகுக்கிறது. 21ஆம் வசனம் முதல் தென்புறம், 33ஆம் வசனம் முதல் செப்பேலா எனப்படும் தாழ்நிலம், 48ஆம் வசனம் முதல் மலைநாடு, 61ஆம் வசனம் முதல் வனாந்தரம் என அப்பகுப்பு அமைகிறது. தெபீர் இவற்றுள் மலைநாட்டில் வைக்கப்பட்டுள்ளது. அதனுடன் சொல்லப்படும் சோக்கோ, யாத்தீர், ஆனாப், எஸ்தெமொ ஆகிய ஊர்களின் பெயர்கள் எபிரோனுக்குத் தெற்கேயுள்ள மலைப்பகுதியின் அரபுப் பெயர்களில் இன்னும் நின்று நிலவுகின்றன. தெல் பெய்த் மிர்சிமோ அக்கூட்டத்திலிருந்து விலகி, தாழ்நிலத்தின் விளிம்பில் நிற்கிறது.

இக்காரணத்தால், 1954இல் கூர்ட் காலிங் என்ற ஜெர்மானிய அறிஞர் வேறோர் இடத்தை முன்மொழிந்தார். அது கிர்பெத் ரபூத். எபிரோனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டரில், மேற்சொன்ன ஊர்களின் நடுவே மலைநாட்டில் அமைந்தது. 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோஷே கோக்காவி அங்கே அகழாய்வு செய்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டார். பின்வெண்கலக் காலத்தில் மதில் சூழ்ந்த கானானியப் பட்டணமாக அது விளங்கியது தெரியவந்தது. அக்காலத்துக் கல்லறைகளும் கிடைத்தன. ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்புள்ள அம்மேட்டிற்கு நிகராக, எபிரோனுக்குத் தெற்கேயுள்ள மலைநாட்டில் அக்காலத்திற்குரிய வேறு பட்டணம் இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார்.

மேலும் ஒரு குறிப்பு ஆய்வாளரின் கருத்தைக் கவர்ந்தது. மேட்டிற்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் இரண்டு கிணறுகள் உள்ளன. அவற்றை அவ்வூர் மக்கள் அரபு மொழியில் மேல் அலக்கா, கீழ் அலக்கா என்று வழங்கிவந்தனர். அக்சாள் தந்தையிடம் பெற்ற மேற்புற, கீழ்ப்புற நீர்நிலைகளை அவை நினைவூட்டின. எனினும், இதனை அளவுக்கு மீறி வலியுறுத்துதல் தகாது. தெல் பெய்த் மிர்சிமைத் தெபீர் என்றவர்களும் தம் இடத்தின் அருகே அத்தகைய நீர்நிலைகளைச் சுட்டிக்காட்டியதுண்டு. நீர் தேடி வாழும் நாட்டில் மேலொன்றும் கீழொன்றுமாக நீர்நிலைகள் இருப்பது அரிதன்று. ரபூதின் வழக்கு முதன்மையாக ஊர்ப்பட்டியலின் மீதும் நில அமைப்பின் மீதும் நிற்கிறது. கிணறுகள் அதற்குத் துணை நிற்கின்றன.

இத்தகைய வாதம் நமக்குப் புதியதன்று. சங்க இலக்கியம் கூறும் சேரர் தலைநகராகிய வஞ்சி எது என்பதில், மேலைக் கடற்பகுதியின் ஊர்களைச் சிலரும், திருச்சிராப்பள்ளியை அடுத்த கரூரைச் சிலரும் முன்வைத்து நெடுங்காலம் வாதிட்டனர். புகழூர் மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் சேர அரசர் பெயர்கள் காணப்பட்டதும், கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் சேரர் காசுகள் கிடைத்ததும் கரூரின் வழக்கிற்கு வலிமை சேர்த்தன. இவ்வாதத்தால் சங்கப் பாடல்களின் மதிப்பு குன்றவில்லை. பாடலை நிலத்தோடு வைத்துப் படிக்கும் ஆற்றலே வளர்ந்தது.

5. இழந்தது என்ன? பெற்றது என்ன?

தெபீர் ரபூதுக்கு இடம்பெயர்ந்ததால் நாம் இழந்தது ஒன்றே. தெல் பெய்த் மிர்சிமின் எரிந்த படிவத்தைக் காட்டி, 'யோசு. 10:38-39 மண்ணிலிருந்து மெய்ப்பிக்கப்பட்டது' என்று இனி நாம் கூற இயலாது. அந்த மேட்டின் பழம்பெயரை நாம் உறுதியாக அறியோம். பெயர் அறியாத ஊரை எரித்தவர் யார் என்பதும் அந்தச் சாம்பலால் விளங்காது. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 12ஆம் நூற்றாண்டிலும் கீழை மத்தியதரைக் கடல் நாடுகள் எங்கும் பட்டணங்கள் பல வீழ்ந்தன. எகிப்தியர், பெலிஸ்தர், அண்டைப் பட்டணத்தார், உள்ளூர்க் கலகக்காரர் ஆகிய அனைவருக்கும் தீ ஒன்றே.

அதே மேட்டில் கிடைத்த மற்றொரு பொருளும் இவ்வாறே திருத்தம் பெற்றது. எலியாக்கீம் என்ற பணியாளனின் பெயரும் அவன் தலைவனின் பெயரும் பொறித்த முத்திரைப் பதிவுகள் சில சாடிக் கைப்பிடிகளில் கிடைத்தன. அத்தலைவன் கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யோயாக்கீன் அரசனே என்று ஆல்பிரைட் கருதினார். அரசனின் ஆட்சியாண்டைக் கொண்டு படிவத்தின் காலமும் கணிக்கப்பட்டது. பின்னர் டேவிட் உசிஷ்கின் 1973 முதல் லாகீசில் நடத்திய அகழாய்வு, அத்தகைய சாடிகள் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு உரியவை என்று காட்டியது. ஆகவே முத்திரையின் தலைவன் அந்த அரசனாக இருத்தல் இயலாது. அரசனின் பெயரைக் கண்டதும் எழுந்த மகிழ்ச்சி, காலக்கணிப்பை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தவறச் செய்துவிட்டது.

இவற்றைக் கேட்டு, புதைபொருள் ஆராய்ச்சியே நம்பத்தகாதது என்று முடிவு செய்வோர் உண்டு. அதுவும் பிழையே. ஆல்பிரைட்டின் முடிவைத் திருத்தியது மற்றோர் அகழாய்வுதான். ஆல்பிரைட் வகுத்த மட்பாண்ட வரிசையின் துணையாலேயே ரபூதின் காலமும் கணிக்கப்பட்டது. தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் துறை நம்பத்தக்கதே. ஆனால் அத்தகைய துறையின் இடைக்கால முடிவொன்றை விசுவாசத்தின் அடிக்கல்லாக வைப்பவர், கல் நகரும்போது வீட்டையும் இழக்க நேரிடும். கல்லூரியில் பயின்ற ஓர் இளைஞன் தன் ஆயர் கூறிய சான்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டது என்று அறிவானாயின், அவன் ஐயுறுவது அந்தச் சான்றை மட்டும் அன்று; அதனுடன் சேர்த்து உரைக்கப்பட்ட நற்செய்தியையும் ஐயுறுவான். நமது கவனக்குறைவின் விலை அத்துணைப் பெரிது.

நாம் பெற்றதோ சிறிதன்று. 'மலைநாட்டில் தெபீர்' என்று ஊர்ப்பட்டியல் கூறியது. பெரியதொரு மேட்டின் ஈர்ப்பு அப்பட்டியலின் சொல்லைச் சிறிது வளைத்துப் படிக்க இடம் தந்தது. அச்சொல்லை உள்ளவாறே படித்தவர்கள் ரபூதுக்குச் சென்றனர். பயனற்றது என்று நாம் தாண்டிச் செல்லும் ஊர்ப்பட்டியல், தன் நிலத்தை நன்கறிந்த ஒருவரின் கையால் எழுதப்பட்டது என்பதை இது காட்டுகிறது. திருமறையைப் பாதுகாக்க முயல்வதைவிடத் திருமறையைக் கவனித்துப் படிப்பதே நமது முதற்கடமை.

6. அக்சாளின் வேண்டுகோள்

அவ்வாறு கவனித்துப் படிக்கும்போது, தெபீரின் கதையில் திருமறை எதை வலியுறுத்துகிறது என்பதும் விளங்கும். பட்டணம் பிடிக்கப்பட்ட போரைப் பற்றி ஒரே ஒரு வசனம்தான் உண்டு. அதன்பின் ஒரு மகள் தந்தையிடம் நீர் கேட்டதைப் பற்றி இரண்டு வசனங்கள் உள்ளன. பட்டணத்தின் மதில், அரசன், படை ஆகியவை அங்கே பேசப்படவில்லை. கழுதையினின்று இறங்கும் பெண்ணும், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் தந்தையும், அவர்களிடையே நிகழ்ந்த உரையாடலுமே நினைவில் காக்கப்பட்டுள்ளன.

அவள் கூறியதன் கருத்து இதுவே: தனக்குத் தரப்பட்ட நிலம் 'நெகேப்', அதாவது வறண்ட நிலம், ஆகவே நீரும் வேண்டும். அவள் கேட்ட பொருளுக்கு எபிரெயத்தில் 'குல்லோத்' என்பது சொல். அதன் ஒருமை வடிவமான 'குல்லா', சகரியா கண்ட விளக்குத்தண்டின் மேலுள்ள கிண்ணத்திற்கும் (சக. 4:2-3), பிரசங்கியின் நூல் கூறும் பொற்கிண்ணத்திற்கும் (பிர. 12:6) வழங்குகிறது. எனவே அவள் கேட்டது பாய்ந்தோடும் அருவியை அன்று; கிண்ணம்போல் நீரைத் தாங்கும் கேணியையோ தொட்டியையோ ஆகலாம். நமது பழைய மொழிபெயர்ப்பு இதனை நீர்ப்பாய்ச்சலான நிலம் என்ற கருத்தில் தருகிறது. பொருள் அழகாய் விளங்கினும், அவள் கேட்டது வேறொரு நஞ்சை நிலத்தை என்ற எண்ணத்தை அது தந்துவிடக்கூடும். அவள் கேட்டது வேறு நிலத்தை அன்று. ஏற்கெனவே பெற்ற வறண்ட நிலத்தை வாழ்விக்கும் நீரின் உரிமையையே.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் ஊழியம் செய்வோருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே ஸ்ரீரங்கம் பசுமையாய் நிற்க, அதே மாவட்டத்தில் மணப்பாறையைக் கடந்து மருங்காபுரிப் பக்கம் சென்றால் வானம் பார்த்த புஞ்சை விரிகிறது. அங்கே ஏக்கர் கணக்கை மட்டும் சொன்னால் நிலத்தின் மதிப்பு விளங்காது. கிணறு உண்டா, குளத்துப் பாசனம் உண்டா, கோடையில் நீர் நிற்குமா என்றே கேட்பர். கிணற்றில் பங்கின்றி நிலத்தை மட்டும் பிரித்துக்கொடுத்தல், கொடுத்தும் கொடாமையே என்பது அவ்வட்டார மக்கள் அறிந்தது. மருங்காபுரிப் பக்கத்துச் சபையொன்றில் இப்பகுதி வாசிக்கப்பட்டால், அக்சாளின் சொல்லைப் பல விளக்கவுரையாசிரியர்களினும் நன்கு உணர்வோர் அச்சபையிலேயே அமர்ந்திருப்பர்.

அவள் கேட்டதை எபிரெயப் பாடம் 'பெராக்கா' என்கிறது. ஆசீர்வாதம் என்பது அதன் பொருள், கையுறையாகத் தரும் பொருளுக்கும் அச்சொல் வழங்கும் (ஆதி. 33:11). குளத்தைக் குறிக்கும் 'பெரேக்கா' என்ற சொல்லும் அதே மெய்யெழுத்துக்களால் ஆனது. ஆசீர்வாதமும் நீரும் ஒரே ஒலியில் இணையும் இச்சொல்லாட்சி தற்செயலானது என்று கொள்வதற்கில்லை.

பேசியவர் யார் என்பதிலும் பாட வேறுபாடு உண்டு. எபிரெயப் பாடத்தின்படி, நிலம் கேட்கும்படி அக்சாளே கணவனை ஏவுகிறாள். பின்னர் தானே தந்தையிடம் பேசுகிறாள். நியாயாதிபதிகள் நூலின் கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகளில் கணவனே அவளை ஏவியதாக மாற்றம் காணப்படுகிறது. ஆனால் யோசுவா நூலின் செப்துவஜிந்துவில், தந்தையிடம் தான் கேட்கப்போவதாக அவளே கணவனிடம் கூறுகிறாள். ஒரு பெண் தானாக முன்வந்து சொத்துக் கேட்டாள் என்பது சில படியெடுப்போருக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ இயல்பாகத் தோன்றவில்லை போலும்.

இக்கதையின் இருளையும் நாம் மறைத்தல் ஆகாது. மகளைப் போரின் பரிசாக அறிவித்த தந்தையை நாம் முன்மாதிரியாகப் போற்ற இயலாது. எனினும் நியாயாதிபதிகள் நூலின் அமைப்பில் இவளுக்குரிய இடம் சிந்திக்கத்தக்கது. நூலின் தொடக்கத்தில், தந்தையிடம் கேட்டுப் பெறும் மகளாக அக்சாள் நிற்கிறாள். நூல் செல்லச் செல்ல, தந்தையின் பொருத்தனைக்குப் பலியான யெப்தாவின் மகள் (11ஆம் அதிகாரம்), கொடுமைக்குள்ளாகி மாண்ட லேவியனின் மறுமனையாட்டி (19), வலுக்கட்டாயமாய்த் தூக்கிச்செல்லப்பட்ட சீலோவின் பெண்கள் (21) ஆகியோரைக் காண்கிறோம். ஒரு சமுதாயத்தின் வீழ்ச்சியை அதன் பெண்களின் நிலையைக் கொண்டு இந்நூல் அளக்கிறது.

மற்றுமொரு குறிப்பையும் ஆயர்கள் கருத்திற்கொள்ளலாம். செலோப்பியாத்தின் மகள்கள் நிலம் பெற்றது அவர்களுக்குச் சகோதரர் இல்லாமையால் (எண். 27). காலேபுக்கோ ஆண்மக்கள் இருந்தனர் (1 நாளா. 4:15). இருந்தும் மகள் கேட்டாள், தந்தை கொடுத்தார். இது வாரிசுச் சட்டம் அன்று. திருமணக் கொடையே என்று கூறுவது சரியே. ஆயினும், கேட்ட மகளைப் பேராசைக்காரி என்று திருமறை எங்கும் இகழவில்லை. நமது நாட்டில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாத கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு அளிக்கிறது. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் 1916ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் மகளின் பங்கு மிகவும் குறுக்கப்பட்டிருந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினாலேயே அங்கும் சமவுரிமை உறுதியாயிற்று. சட்டம் இவ்வாறிருக்க, சீதனம் கொடுத்தாயிற்று, இனி உரிமை கேட்பது குடும்பப் பண்புக்கு ஒவ்வாது என்று மகளின் வாயை அடைக்கும் வழக்கம் நமது சபைக் குடும்பங்களில் மறைந்துவிட்டதா? விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடும்படி சகோதரியை நெருக்கும் சகோதரன் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது, யோசு. 15:18-19ஐ நாம் எவ்வாறு வாசிக்கிறோம் என்பது பொருட்படுத்தத்தக்க வினா.

முடிவுரை

தெபீரைப் பற்றி நாம் அறிந்தவற்றைத் தொகுத்து நோக்கினால், திருமறைப் போதகனுக்கு மூன்று நெறிகள் கிடைக்கின்றன. முதலாவது, அகழாய்வின் முடிவைப் பிரசங்கத்தில் எடுத்தாளுமுன், மண்ணில் கண்டது எது, அதனின்று ஊகித்தது எது என்று பிரித்தறிய வேண்டும். நாம் பயன்படுத்தும் அகராதி வெளியான ஆண்டையும் நோக்க வேண்டும். இரண்டாவது, ஊர்ப்பட்டியல்களையும் எல்லைக் குறிப்புகளையும் வீண் என்று தள்ளாமல், நிலப்படத்தை அருகில் வைத்துப் படிக்க வேண்டும். மூன்றாவது, திருமறை எதனை நினைவில் காத்திருக்கிறதோ அதனையே நாமும் முதன்மையாகப் பேச வேண்டும்.

கீரியாத்செப்பேரைப் பிடித்த போர் எவ்வாறு நடந்தது என்பதை எந்த மேட்டின் சாம்பலும் இதுவரை நமக்குக் கூறவில்லை. அந்தப் பட்டணத்தின் நிலத்திற்கு நீர் வேண்டும் என்று ஒரு பெண் கேட்டதையும், அவளுக்கு மேற்புறத்து நீரும் கீழ்ப்புறத்து நீரும் தரப்பட்டதையும் திருமறை இருமுறை கூறுகிறது. ஒரு முறை கூறியதையே நாம் கவனியாமல் விட்டிருக்கலாம். இருமுறை கூறியதைக் கவனியாமல் விடுதற்கு நமக்கு ஏது இடம்?